ஓரத்திலிருந்து இரண்டாவது மேடு

கரண்ட் போய்விட்டால் தறிப்பட்டறையில் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். வேர்த்து வடிந்தபடி வெளியே வந்து ஆளுக்கொரு டீயோடு நிற்பார்கள், செல்போனை நோண்டுவார்கள், முதலாளியின் மச்சானைப் பற்றிப் புறம் பேசுவார்கள். அன்னாள் மட்டும் இடத்தை விட்டு எழ மாட்டாள். அத்தனை தறியும் ஒன்றாக நிற்கிற அந்த நொடியில், காதிலிருந்த இரைச்சல் வடிந்து முடிவதற்குள், மூலைத் தறிக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்கும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவள் அவள். ஆனால் முப்பது வருசம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம் அடையாளம் தெரியாமல் போகுமா? அது அமிர்தசாமியின் இருமல். அவர் செத்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன.

பள்ளிபாளையத்தில் அன்னாளைத் தெரியாதவர்கள் கம்மி. ஊடைநூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தறிகளுக்குக் கொடுப்பது அவள் வேலை. தார் போடுவது என்பார்கள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். பங்குச் சாமியார்கூட அவளிடம் வார்த்தையை அளந்துதான் விடுவார். அமிர்தசாமி அதே பட்டறையில் தறி ஓட்டியவர், அவளுக்கு நேர் எதிர். பஞ்சுத்தூசி அவர் தொண்டையில் குடியேறிப் பல வருசம் ஆகியிருந்தது. "எங்க ஊட்டுக்காரரு பேசுனத விட இருமுனதுதான் அதிகம்" என்று அவளே கேலி செய்வாள். பிள்ளைகுட்டி இல்லை. சண்டை போடவும் சமாதானம் ஆகவும் வீட்டில் அவளுக்கு அந்த ஒரே ஆள்தான்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது, தெருவில் யார் இருமினாலும் அக்கம்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. இருமல் கேட்ட வீட்டுக்கு மறுநாளே தகரம் அடித்தார்கள். அமிர்தசாமிக்குக் காய்ச்சல் கண்டதும் அன்னாள் அவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள். "ஏனுங்க, வாயப் பொத்திட்டு இருமுங்க. ஊரே கேக்குது. எப்பவும் இருக்கற இருமல்தானுங்களே, ரெண்டு நாள்ல போயிரும்" என்றாள். எப்போதும் போல அவர் சொன்னபடி கேட்டார். மூச்சு முட்டி ஆம்புலன்சில் ஏற்றியபோதும் அந்தத் துண்டு வாயில்தான் இருந்தது. அதுதான் அவரை அவள் கடைசியாகப் பார்த்தது.

அவளுக்கும் தொற்று என்று ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேதான் உபதேசியார் பெனடிக்ட்டின் போன் வந்தது. கோயிலில் ஜெபம் சொல்வதும் கல்லறைத் தோட்டத்துச் சாவியை வைத்திருப்பதும் பெனடிக்ட்தான். அமிர்தசாமியைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து, வாய்க்கால் பக்கத்துச் சரிவில் அடக்கம் பண்ணியாயிற்று என்று சொன்னார். "ஓரத்துலருந்து ரெண்டாவது குழிங்கக்கா. கிட்ட ஆரையும் விடல. நான் கேட்டுக்கு வெளிய நின்னு ஜெபம் சொல்லிட்டேன்."

"மண்ணு போட்டது ஆருங்க?" என்று கேட்டாள் அன்னாள்.

பெனடிக்ட் குரலைத் தாழ்த்தினார். "ஜேசிபிதானுங்கக்கா தள்ளுச்சு."

குழியில் இறக்கிய பிறகு சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கு மூன்று பிடி மண் அள்ளிப் போடுவது வழக்கம். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகூட அன்றைக்கு வந்து போட்டுவிட்டுப் போவான். முப்பது வருசம் குடித்தனம் நடத்தியவள் உயிரோடு இருக்க, அமிர்தசாமிக்கு மனுசக் கையால் ஒரு பிடி மண் விழவில்லை. குப்பையைத் தள்ளுகிற இரும்புக் கையால் மூடியிருக்கிறார்கள். அவர் போனதைவிட இது அவளை அதிகமாக அரித்தது. அதனால்தான் அவர் அடங்காமல் பட்டறைக்கு வந்து இருமுகிறார் என்று நம்பினாள். பட்டறையில் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஹாஸ்டலிலிருந்து விட்டதும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனாள். இடையில் இரண்டு மூன்று கோடைமழை அடித்து ஓய்ந்திருந்தது. கொரோனாவில் போனவர்களை எல்லாம் சரிவில் ஒரே வரிசையாகப் புதைத்திருந்தார்கள். ஓரத்திலிருந்து எண்ணி இரண்டாவது மேட்டின் முன்னால் மண்டி போட்டு, வாய்விட்டு அழுதாள். சிலுவை வைக்கலாம் என்றால், தனித்தனியாக ஒன்றும் வேண்டாம், எல்லார் பெயரையும் ஒரே கல்லில் வெட்டி கேட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோம் என்று பங்கில் முடிவு எடுத்துவிட்டார்கள். கல் வந்தது. பெயர் இருந்தது. எந்தப் பெயர் எந்த மேட்டில் என்று கல்லுக்குத் தெரியாது.

அடுத்த மழையில் அவள் மேட்டின் ஒரு பக்கம் கரைந்து வாய்க்காலை நோக்கி வழிந்திருந்தது. பதறிப்போய், வாய்க்கால் கரையில் தோட்டம் வைத்திருந்த காளியப்பனிடம் போய் நின்றாள். அவர் தன் கரையைக் காட்டினார். இடுப்புயரத்துக்குப் புதர் புதராக வெட்டிவேர் நின்றது.

"இதுதானுங்கம்மா என்ற கரையப் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்குது. வெயிலு காஞ்சாலும் சாகாது, தண்ணி நின்னாலும் அழுகாது. ஒருக்கா வெச்சா நம்ம காலத்துக்கும் நிக்கும்" என்றார்.

"வேரு பக்கத்து மேட்டுக்கெல்லாம் ஓடீராதுங்களா?"

"ஓடாதுங்க. நேராக் கீழதான் எறங்கும். ஆள் ஒசரத்துக்கு மேலயே போகும்."

ஆள் உயரம் என்ற சொல் அன்னாளைப் பிடித்துக்கொண்டது. அமிர்தசாமியை இறக்கியதும் ஆள் உயரத்துக்குத்தானே.

காளியப்பன் ஒரு தூரைப் பெயர்த்துக் கொடுத்தார். அதை அவர் சொன்னபடியே இரண்டு மூன்று தாள் கொண்ட கொத்துகளாகப் பிரித்து, தாளை ஒரு சாணுக்கு நறுக்கி, சரிவுக்குக் குறுக்காக நெருக்கி நட்டாள். பெயின்ட் வாளியில் வாய்க்கால் தண்ணீர் மொண்டு பட்டறைக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் ஊற்றினாள். பச்சை பிடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிடித்த பிறகு அந்தப் புல் அவளுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு மேலே வளர்ந்தால் அரிவாளால் கழிப்பாள். கழிக்கக் கழிக்கத் தூர் பருத்தது. வெட்டிய தாளை வேரடியிலேயே போட்டு மூடுவாள். வேலை முடிந்ததும் ஓரத்தில் பாதி கரைந்து தட்டையாகக் கிடந்த கடைசி மேட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புல்லிடம் பேசுவாள். அந்தக் கடைசி மேட்டுக்கு யாரும் வந்து அவள் பார்த்ததில்லை.

அவள் பேசிய பேச்சு ஊர்ப்பேச்சுதான். முதலாளி கூலி ஏற்றிக் கொடுக்காதது, பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் செய்த அழும்பு, எல்லாம். இடையிடையே வேர் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போடுவாள். முதல் ஐப்பசியில், இப்போது பாதி வழி வந்திருக்கும் என்றாள். அடுத்த வருச மழையில் ஒருநாள் புல்லின் அடியைக் கையால் தடவிக்கொண்டே, "ஏனுங்க, தொட்டுருச்சுங்களா?" என்று கேட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் இருமல் நின்றது. கரண்ட் போய்த் தறிகள் ஓய்ந்தால் தெருவில் நாய் குரைப்பது கேட்டது, டீக்கடை ரேடியோ கேட்டது, வேறொன்றும் இல்லை. வேர் போய் அவர் நெஞ்சைத் தொட்டுவிட்டது, கைப்பிடி மண்ணுக்குப் பதில் அது போதும் என்று மனுசன் அடங்கிவிட்டார். இப்படித்தான் அன்னாள் எடுத்துக்கொண்டாள். அவளும் அப்புறம்தான் கொஞ்சம் தூங்கினாள்.

போன வருசம் மழைக்கு முன்னால் அவளுக்குச் சிக்குன்குனியா வந்தது. கால் மூட்டு, கை மூட்டு எல்லாம் பூட்டுப் போட்டது போல் ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. கல்லறைத் திருநாளன்றைக்குத்தான் ஓர் ஆட்டோ பிடித்து, மெழுகுவத்தியும் செவ்வந்திப் பூவுமாகத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் சரிவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

வரிசை முழுக்க வெட்டிவேர். எல்லா மேடும் ஒரே நீளம், ஒரே உயரம். ஒவ்வொன்றிலும் நறுக்கி நட்ட இளம் தாள்கள். அவளுடைய பருத்த தூரைக் காணோம்.

இளைஞர் குழுவை நடத்துகிற சோபியா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். கல்லூரி முடித்த பெண், நல்ல பெண்தான். கெடுதல் நினைக்கத் தெரியாது. "ஆன்ட்டி, பாத்தீங்களா? நீங்க ஒரு மேட்டுல வெச்சிருந்தீங்க, அது மட்டும் மழையில கரையாம நின்னுச்சு. அதான் அதையே வெட்டிப் பிரிச்சு எல்லாருக்கும் வெச்சுட்டோம். கல்லுல இருக்கற பேருக்கு ஒரு மேடு குறைஞ்சுது. அதனால எல்லாத்தையும் கொத்தி விட்டு, கயிறு புடிச்சு, சமமாப் பிரிச்சுப் புதுசா அணைச்சோம்."

"என்ற மேடு எங்க சாமி?"

சோபியா வரிசையைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகக் கரைந்தது. "இந்தப் பக்கந்தான் எங்கியோ... குறைஞ்ச மேட்ட எந்த இடத்துல சேத்தோம்னு சரியாத் தெரியலீங்க ஆன்ட்டி."

ஊரே எதிர்பார்த்தது ஒரு பெரிய சண்டையை. அன்னாளோ கையிலிருந்த மெழுகுவத்தியை எந்த மேட்டில் வைப்பது என்று தெரியாமல், ஏற்றாமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இருமல் திரும்பி வந்தது. இந்த முறை கரண்ட் போகிற வரைக்கும்கூட அது காத்திருக்கவில்லை. தறிகள் ஓடும்போதே அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து கேட்டது. வீட்டில் குக்கர் விசில் அடங்கியதும் கேட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நட்டுவைத்த வேரை அறுத்தெறிந்தபோது அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடி தூக்கமில்லாமல் கிடந்தாள். எந்த மேடு என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அவரும் ஓயமாட்டார், அவளும் ஓயமாட்டாள்.

தார் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பிள்ளைகள் தூரைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு இறங்கிய வேரை யாரால் பிடுங்க முடியும்? அது மண்ணுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். புது நாற்றுக்கு இன்னும் விரல் நீள வேர்கூட இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, களைக்கொத்தோடு போனாள். மேட்டின் தலைமாட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பார்ப்பது, வெறும் மண்ணாக இருந்தால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது. கல்லறையைத் தோண்டுகிறவளை யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, உங்களத் தேடி வரல" என்று சொல்லிவிட்டுத்தான் கொத்தை இறக்கினாள். ஓரத்து மேட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. வீங்கின மூட்டு விண்விண் என்று தெறித்தது. மூன்றாவதில் கொத்து எதிலோ சிக்கியது.

கையை விட்டுத் துழாவினாள். கற்றையாக, தென்னைநார்க் கொச்சக்கயிறு கனத்துக்கு வேர். வாசனை குப்பென்று மேலே வந்தது. அன்னாள் அப்படியே மேட்டின் மேல் சாய்ந்து, "இங்கதான் இருக்கறீங்களா?" என்று அழுதாள்.

"அக்கா, அது எங்கம்மாங்க."

திரும்பிப் பார்த்தாள். கையில் பூப்பொட்டலத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள், முப்பத்தைந்து வயசு இருக்கும். இதே பங்கில் பிறந்து வளர்ந்த ஜெஸ்ஸி. இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். திருநாளுக்கு லீவு கிடைக்காமல் ஒவ்வொரு வருசமும் மறுவாரம்தான் வருவாள்.

"என்ன சொல்ற நீ?"

ஜெஸ்ஸி வேலியில் நட்டிருந்த கல்தூணைக் காட்டினாள். "இந்தத் தூணுக்கு நேராத்தான் எங்கம்மாவ இறக்குனாங்க. நான் நர்ஸுங்கறதால பிபிஇ கிட் போட்டுட்டு உள்ள நிக்க விட்டாங்க. அன்னிக்கே அடுத்த குழியில உங்க ஊட்டுக்காரரு. பள்ளிபாளையம், தறி ஓட்டறவருன்னு பேரு வாசிச்சாங்க. அவருக்கும் அந்தப் பக்கம், ஓரத்துல, அனாதை இல்லத்துப் பெரியவரு ஒருத்தரு. அவரு மேடு அந்த வாரத்து மழையிலயே கரைஞ்சு வாய்க்காலுக்குப் போயிருச்சுங்க, சேலத்துக்குத் திரும்பறதுக்கு முந்தி பூ வைக்க வந்தப்பப் பாத்தேன். நீங்க வந்து எண்ணுனப்ப அது இருந்திருக்காது."

அன்னாளுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஓரத்திலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஓரத்தில் ஒன்று கரைந்து போயிருக்கிறது. அப்படியானால் இரண்டாவது என்று அவள் எண்ணியது மூன்றாவது. ஜெஸ்ஸியின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள், ஜெஸ்ஸியின் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், வேர் போய்த் தொட்டதும் அவளைத்தான்.

"அப்ப இத்தன வருசமா நான் எதும்மேல உக்கோந்திருந்தேன்?"

 பாதி கரைந்த அந்த மேட்டில் யார் இருந்தார் என்று அன்னாளுக்கும் இப்போது தெரிந்தது. அடுத்தவளின் மண்ணைப் புல் வைத்துக் காத்துவிட்டு, கட்டினவர் மழைக்கு மழை வாய்க்காலில் கரைந்துகொண்டிருக்க, அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்து முகம் துடைத்திருக்கிறாள்.

"உனக்குத் தெரியும். புல்லப் பாத்திருக்கற. நான் உக்கோந்திருந்ததயும் பாத்திருப்ப. ஏன் சொல்லல?" அன்னாளின் குரல் பட்டறைக் குரலாக மாறியிருந்தது.

"ஒருக்கா பாத்தேங்க்கா. கேட்டோட நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்." ஜெஸ்ஸி மழுப்பவில்லை. "வருசத்துக்கு ஒருநாள் வாரவ நான். எங்கம்மாவுக்கு ஒருத்தரு தண்ணி ஊத்தறாங்க, பேசறாங்க. சொன்னா நீங்க புல்லப் புடுங்கிட்டுத் தள்ளிப் போயிருவீங்க. எங்கம்மா தனியாப் போயிரும்னு பயந்துட்டேன்."

"உங்கம்மா தனியாப் போயிரும். என்ற ஊட்டுக்காரரு போனாப் பரவால்ல. ஒரு கை மண்ணுகூட இல்லாம, நாதியத்துப் போன மனுசன்தானே. ஜேசிபி தள்ளி மூடுன மனுசன்தானே." அன்னாள் களைக்கொத்தைத் தூக்கி வேலியோரம் எறிந்தாள்.

"இல்லீங்க்கா" என்றாள் ஜெஸ்ஸி. "மண்ணு போட்டேன்."

"ஆரு?"

"நான்தான். எங்கம்மாவுக்குப் போட்டுட்டுத் திரும்பறேன், அவர இறக்கிட்டாங்க. பேரு வாசிச்சுட்டு, சொந்தக்காரங்க ஆராச்சும் இருக்கீங்களான்னு கேட்டாங்க. ஆருமில்ல. ஜேசிபிக்காரன் ஸ்டார்ட் பண்ணிட்டான். நான் கைய நீட்டி நிறுத்தச் சொன்னேன். மூணு புடி போட்டேன். பரலோகத்திலிருக்கிற பிதாவேயும் சொன்னேன், பாதிதான் முடிஞ்சுது, அதுக்குள்ள போகச் சொல்லிட்டாங்க."

 அன்னாள் தன் ஆள் கிடக்கிற இரண்டாவது மேட்டுக்கு ஊர்ந்துபோய், அதன் மேலே அல்ல, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஜெஸ்ஸியையும் உட்காரச் சொல்லித் தரையைத் தட்டினாள்.

"எந்தக் கையில போட்ட சாமி?"

ஜெஸ்ஸி வலது கையை நீட்டினாள். "க்ளவுஸ் போட்டிருந்தேங்க்கா."

"இருக்கட்டும்."

அன்னாள் அந்தக் கையைத் தன் மண் அப்பிய இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். சேலம் பஸ் போய்விடும் என்று ஜெஸ்ஸி இரண்டு தரம் சொன்னாள். அன்னாள் கையை விடவில்லை.